சுவரடிப் பலகையைத் தொடாமல்

கமலா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கிற பெண் அம்மாவுக்கு ஒரு கார்டு போடுவாள். கவர் வாங்கி, தாளின் இரண்டு பக்கமும் நுணுக்கி நுணுக்கி எழுதி ஒட்ட மாட்டாள். தபால்காரர் கையில் அந்தத் தடித்த கவரைப் பார்த்ததுமே வாசலுக்கு ஓடினேன். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டிக்கொண்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, ஆற அமரப் பிரித்தார். “என்னங்க எழுதியிருக்கா? உடம்புக்கு ஏதாவதா? வாயைத் திறந்து சொல்லுங்களேன்” என்று நான் பறக்கிறேன். அவர் முழுவதையும் மனசுக்குள்ளேயே படித்து முடித்துவிட்டு, “ஒண்ணுமில்ல. தரை போடணுமாம். நம்ம வீட்டுல போட்டோமே மரத்தரை, அந்த மாதிரி. சுவரடிப் பலகையைக் கழட்டாம எப்படிப் போட்டோம்னு கேக்கறா” என்றார். இதற்கா இத்தனை பாடு என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாருக்குத் தரை?” என்றேன். “அவ மாமியாருக்கு” என்றார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மன்னார்புரத்தில் பஸ் ஏறினால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் ஸ்ரீரங்கம். இந்தத் தூரத்துக்குள் கடிதம் எழுதிக்கொள்கிற அம்மாவும் பெண்ணும் இந்த ஊரில் நாம் இரண்டு பேர்தான் இருப்போம். உன் மாமியார் விழுந்ததிலிருந்து உன்னால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை, சரி. நான் ஏன் அங்கே வருவதில்லை என்பது உனக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும், படுத்திருக்கிற அந்த அம்மாளுக்கும் தெரியும். இதுவரை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. இன்றைக்கு நான் பேசிவிடுகிறேன். பேசாமல் உனக்குத் தரையைப் பற்றி எழுத எனக்குக் கை ஓடாது.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று அந்த அம்மாள் கேசரியைத் தொடவில்லை. காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். “பொண்ணைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க” என்றார். எல்லாப் பெண்ணையும் சொல்வதுதான், ஊர் வழக்கம்தான், நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உனக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்ததையும், வலது காலுக்கு இரும்புச் சட்டம் போட்டிருப்பதையும் மாப்பிள்ளை ஒன்றுவிடாமல் வீட்டில் சொல்லியிருந்தார். டெலிபோன் ஆபீசில் உன்னோடு வேலை பார்க்கிற பையன், தினமும் பார்த்தவர். தெரிந்துகொண்டே கேட்டார்கள். நீ எழுந்து, நிமிர்ந்து, அறை மரத்தரை வரை டக் டக்கென்று நடந்து போய்த் திரும்பி வந்தாய். “லட்சணமான பொண்ணுதாங்க. ஆனா எங்க வீட்டுல படி நிறைய. அறைக்கு அறை படி. அது கஷ்டப்படுமேன்னு பாக்கறேன்” என்றார் அந்த அம்மாள், வெல்லப்பாகு மாதிரி. “படி இருந்தா என்னங்க, ஏறிக்குவா” என்று நான் ஆரம்பித்தேன். உன் அப்பா என் காலை மிதித்தார்.

அதைக்கூட மறந்திருப்பேன். மாப்பிள்ளை பிடித்த பிடியில் நின்றார், கல்யாணம் நடந்தது. அங்கே அழைத்துப் போன அன்று வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். யாரோ ஒரு அம்மாள் பழக்கதோஷத்தில், “வலது காலை எடுத்து வச்சு வாம்மா” என்றாள். உன் வலது காலை எடுத்து வைப்பதென்றால் என்ன என்று அவளுக்கு எங்கே தெரியும்? நீ குனிந்து, கூரைப்புடவையோடு, முழங்காலுக்குக் கீழே இரும்பைக் கையால் பிடித்துத் தூக்கி, அந்த உயரமான படிக்கு அந்தப் பக்கம் வைத்தாய். உன் மாமியார் உள்ளே நின்றார். ஒரு கை நீட்டியிருக்கலாம். இல்லை, “எந்தக் கால்னாலும் சரி, வாம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்க்காமல் இரும்போடு பிணைத்த அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் இந்தப் படியை மிதிப்பதில்லை என்று அன்றைக்கு மனசுக்குள் முடிந்துகொண்டதுதான்.

அதனால் அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது என்று மாப்பிள்ளை வந்து சொன்னபோது, பெற்றவளிடம் மறைப்பானேன், ஒரு கணம் ‘நன்றாக வேண்டும்’ என்று தோன்றியது. தோன்றியதும் எனக்கே திக்கென்றது. ரங்கநாதா, என் வாயில் நல்ல வார்த்தை வரட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இருந்தாலும் தோன்றியது தோன்றியதுதான்.

உன் கடிதத்தை வாங்கி நானே இரண்டாம் முறை படித்தேன். முதலில் கோபமாகத்தான் படித்தேன். சுவரைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்து நடக்கிறார், ஆனால் அறை கூடத்தைவிடப் பள்ளம், அந்தப் படியில் அவருக்குக் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் மகன் தூக்கிப் போகிறார், தூக்கும்போதெல்லாம் அழுகிறார் என்று எழுதியிருந்தாய். பாவம்தான், யார் இல்லை என்றார்கள் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். அப்புறம் ஒரு வரி வந்தது. ‘சோற்றைக் குறைத்துவிட்டார்கள் அம்மா, தண்ணீர்ச் சொம்பு வைத்தது வைத்தபடி இருக்கிறது’ என்று. அதோடு கடிதத்தை மடித்துவிட்டேன். எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஏனென்றால் நீயும் அதைத்தான் செய்தாய். உனக்கு அது நினைவிருக்கிறதோ இல்லையோ. நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் உனக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது. எந்தத் துரையோ கட்டிய பங்களாவை மூன்று போர்ஷனாகத் தடுத்திருந்தார்கள். நமக்கு வந்தது ஒரு கூடம், ஒரு சமையலறை, கூடத்தை ஒட்டிய ஒரு அறை. அந்த அறை மட்டும் நாலு விரல் பள்ளம். கூடத்துத் தரையும் நிலைப்படியும் ஒரே மட்டம், அறைக்குள் இறங்கினால் வழுவழுவென்று கல். காலில் புதிதாக இரும்பு மாட்டியிருந்தார்கள். அந்தக் கல்லில் அது சறுக்கும். படியிலோ ஏற முடியாது. ஒவ்வொன்றுக்கும் “அம்மா தூக்கு” என்று கூப்பிடவேண்டும். நானும் தூக்கினேன், சலித்துக்கொண்டதே இல்லை, அது சத்தியம். ஆனால் நீ கூப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. குழந்தை சமர்த்தாகிவிட்டாள் என்று பக்கத்து போர்ஷனில் பெருமை பேசினேன்! ஒரு கோடையில் உனக்கு உடம்பு சுட்டு, உதடு வெடித்து, டாக்டரிடம் கொண்டு போனோம். “புள்ள தண்ணியே குடிக்கறதில்லையாம்மா?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து டம்ளரை நீட்டினேன். நீ தண்ணீரைப் பார்த்தாய், அப்புறம் அந்தப் படியைப் பார்த்தாய். “தாகமே இல்லம்மா” என்றாய். அப்போதுதான் இந்த மரமண்டைக்கு ஏறியது. குடித்தால் கொல்லைக்குப் போகவேண்டும், போகவேண்டுமென்றால் தூக்கச் சொல்லவேண்டும். ஆறு வயதில் உனக்கு அவ்வளவு ரோஷம்.

அன்று மாலை உன் அப்பா பொன்மலை ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். “அந்த அறைத் தரையைப் படி மட்டத்துக்கு ஏத்தணும். கல்லுல வேண்டாம், மரத்துல. விழுந்தாலும் அடி படாது, இரும்பும் சறுக்காது.” அவர் சட்டைப் பொத்தானில் கை வைத்தபடியே, “வாடகை வீடும்மா” என்றார். “வாடகை வீடா இருந்தா என்ன, புள்ள நம்ம புள்ளதானே” என்றேன். நான் லால்குடி மரவாடிக்காரர் வீட்டுப் பெண். மற்றப் பெண்களுக்குச் சீராகப் பித்தளைப் பாத்திரம் வந்தால் எனக்கு அதோடு ரம்பமும் இழைப்புளியும் வந்தன என்று உன் அப்பா இன்றைக்கும் கேலி செய்வார். உன் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வேங்கைப் பலகையாக அனுப்பினான். தேக்கு கேட்டால் கொடுத்திருப்பான், ஆனால் இரும்புக் கால் ஓயாமல் தட்டுகிற தரைக்கு வேங்கைதான் தாங்கும்.

வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்தில் உத்திரவீதிக்காரர், வயதான ஐயங்கார். உன் அப்பா உத்தரவு கேட்கப் போனார், நானும் கூடப் போனேன். “தரையில என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்கோ. சுவத்தை மட்டும் தொடப்படாது. சுத்திவர அடிச்சிருக்கானே ஒரு பலகை, பர்மா தேக்கு, எங்க தோப்பனார் அந்த வீட்டை வாங்கினதே அந்தப் பலகைக்காகத்தான். அதைக் கழட்டறது, அறுக்கறது, ஆணி அடிக்கறது, ஒண்ணும் கூடாது. சம்மதமா?” என்றார். உன் அப்பா தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் சாண் உயரத்துக்குத் துரைமார் அடித்து வைத்த பலகை அது. ஸ்கர்ட்டிங் என்று அதற்கு இங்கிலீஷ் பேர். நமக்குச் சுவரடிப் பலகை. இந்தச் சங்கதியெல்லாம் கேள்விப்பட்டு உன் அத்தை முசிறியிலிருந்து வந்து இறங்கினாள். தரைதான் ஏறப்போகிறது என்று கேட்டதும் அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. “படியை மூடுவாங்களா அண்ணி? படி இல்லாத அறையில லட்சுமி எங்க நிப்பா?” என்றாள். “நிக்க வேண்டாம், உள்ள வந்து உக்காரட்டும்” என்றேன். அவளுக்குக் கோபம். மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிக்கொண்ட பிறகுதான் தணிந்தது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். மாப்பிள்ளையை உட்காரவைத்துப் படித்துக் காட்டு. முதலில் பழைய தரையில் குறுக்குச் சட்டங்களைப் பரப்பவேண்டும், அடிப்பக்கம் தார் பூசி. ஸ்ரீரங்கத்து ஈரத்துக்கும் கறையானுக்கும் அது இல்லாமல் ஆகாது. சட்டத்தின் கனமும் பலகையின் கனமும் சேர்ந்தால் படியின் தலைமட்டத்துக்குச் சரியாக வரவேண்டும், ஒரு நூல் ஏறினாலும் கால் தட்டும். சட்டத்தின்மேல் பலகைகளை ஒன்றையொன்று ஒட்டிப் போட்டு ஆணி அடி. ஆனால் சுவரடிப் பலகையை மட்டும் எதுவும் தொடக்கூடாது. நாலு பக்கமும் சுண்டுவிரல் கனத்துக்கு இடம் விடு. விட்ட இடம் மாறாமலிருக்க வேலை முடிகிறவரை அங்கங்கே ஆப்பு செருகி வை, முடிந்ததும் உருவிவிடு. கடைசிப் பலகைதான் உயிரை வாங்கும். எந்தப் பழைய வீட்டிலும் சுவர் நேராக இருக்காது, பார்த்தால் நேர்போலத் தெரியும், பலகையை வைத்தால் வயிறு தள்ளியிருக்கும். அதனால் அளந்து அறுக்காதே. பலகையைப் பக்கத்தில் வைத்து, ஒரு சின்னக் கட்டையைச் சுவரடிப் பலகையோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போய், கூடவே பென்சிலால் கோடு இழு. சுவரின் கோணல் அப்படியே பலகையில் விழும். அந்தக் கோட்டில் அறு. சுத்தியல் வீச இடமிருக்காது, கடப்பாறையால் நெம்பத் தோன்றும். சுவர்ப்பக்கம் ஊன்றி நெம்பினாயோ, போச்சு. மேலிருந்து மெல்ல இறக்கித் தட்டு. எல்லாம் முடிந்த பிறகு, விட்ட இடைவெளியை மூட மெல்லிய மரப்பட்டி ஒன்றை விளிம்பு உருட்டாக இழைத்துச் சுற்றிவர வை. அதன் ஆணி தரைப் பலகையில்தான் இறங்கவேண்டும், சுவரடிப் பலகையில் அல்ல.

இத்தனையும் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று நினைக்காதே. பாதி தெரியும், மீதியை உன் அப்பா கற்றுக்கொடுத்தார், தப்பாகச் செய்து. “விரல் கனம் இடம் விடுங்க” என்று நான் சொல்லச் சொல்ல, “இடம் விட்டா பல்லு போன வாய் மாதிரி இருக்கும்மா” என்று ஒட்ட ஒட்டப் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டி தேயத் தேய வேலை செய்த மனிதர். கையெல்லாம் சிராய். கடைசிப் பலகையை இறக்கிவிட்டு, “பாத்தியா, ஒரு நூல் இடைவெளி இல்ல!” என்று சிரித்தாரே, அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. விட்டுவிட்டேன். அது அவர் தப்பு. அப்புறம் ஆடி வந்தது. ஆடி வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவி விடாமல் எந்தப் பெண் பிள்ளையாவது இருப்பாளா? மரவாடியில் பிறந்து, மரத்துச் சிராயில் புரண்டு வளர்ந்த நான், நாலு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து மரத்தரையில் கொட்டித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினேனடி! வேங்கையில் தண்ணீர் பட்டால் மஞ்சள் இறங்கும். தண்ணீர் மஞ்சள் கரைத்தது போல ஓடியது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மஞ்சள் தண்ணீர் ஓடுகிறது, மங்களகரம்தான் என்று பூரித்துப் போய், மேலே மாக்கோலம் வேறு போட்டேன். அது என் தப்பு. யார் கேட்டாலும் உன் அப்பா முழுத் தப்பும் என்னுடையது என்றுதான் சொல்வார், நம்பாதே.

தண்ணீர் குடித்த பலகை ஊதியது. ஊத இடம் வேண்டாமா? நடுவில் முதுகைத் தூக்கியது. ஓரத்தில் சுவரடிப் பலகையை அடியில் போட்டு நெருக்க, அது மேல்பக்கம் சுவரை விட்டு வாய் பிளந்தது. காரை பொலபொலவென்று கொட்டியது. பக்கத்து போர்ஷனில் யார் சொன்னார்களோ, மறுநாளே வீட்டுக்காரர் ஜட்கா வைத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். அறையைப் பார்த்தார். உன் அப்பாவைப் பார்த்தார். “சுவத்தைத் தொடமாட்டோம்னேளே ஸ்வாமி. இப்போ உம்ம தரை போய்த் தொட்டுடுத்தே!” என்றார். “ஆவணியில வேற வீடு பாத்துக்கோங்கோ” என்று திரும்பினார். எனக்கு வந்ததே ஆத்திரம். யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். வாசல் வரைக்கும் பின்னாலேயே போனேன். “சாமி, கொஞ்சம் நில்லுங்க. உங்க பலகை ஒடியல, விரியல, இடம்தான் பெயர்ந்திருக்கு. நான் அதைப் பழையபடி நிறுத்திக் காட்டறேன். நிக்கலைன்னா ஆவணி வரைக்கும் எதுக்கு, அன்னைக்கே பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போயிடறேன். இந்தத் தரை போனா எம் பொண்ணு மறுபடி தண்ணி குடிக்கமாட்டா” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீருக்கும் தரைக்கும் என்னம்மா சம்பந்தம் என்று கேட்டார். சொன்னேன். ஜட்காவில் வைத்த காலைக் கீழே எடுத்தார். “பெருமாள் விட்ட வழி. செய்யுங்கோ, பாக்கறேன்” என்று ஏறிப் போய்விட்டார்.

ஓரப் பலகைகளை எல்லாம் பிடுங்கினோம். காய விட்டோம். இந்தத் தடவை ரம்பம் என் கையில், உன் அப்பா பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். விளிம்பைச் சுண்டுவிரல் கனம் அறுத்துத் தள்ளி மறுபடி போட்டேன். சுவரடிப் பலகை தானாகவே பின்வாங்கிச் சுவரோடு போய் உட்கார்ந்தது. பின்னால் விட்டுப்போன இடத்தில் சுண்ணாம்புக் காரையை அடைத்தோம். வீட்டுக்காரர் மறுபடி வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, குனிந்து, சுற்றிவர விரலை ஓட்டிப் பார்த்தார். “முன்னைக்கு இப்ப நன்னா நிக்கறது” என்றார். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, “இனிமே வெள்ளிக்கிழமைன்னு தண்ணியைக் கொட்டி அலம்பாதேங்கோம்மா. பகவான் கோவிச்சுக்கமாட்டார்” என்றார். அதற்கப்புறம் பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி. நீயும் அப்படித்தான் செய்யவேண்டும், உன் மாமியார் என்ன சொன்னாலும்.

உன் வீட்டில் சுவரடிப் பலகையைக் கழற்றக்கூடாது என்பதற்கு நீ எழுதியிருக்கிற காரணம் வேறு. இடித்த பங்களா ஒன்றிலிருந்து அந்தப் பலகைகளை ஏலத்தில் எடுத்து, வண்டியில் ஏற்றிவந்து, உன் மாமனார் தன் கையால் அறைக்கு அடித்தது, அவர் போன பிறகு அதில் தூசி படிய உன் மாமியார் விட்டதில்லை, படுக்கையில் விழுந்த பின்னும் கை எட்டுகிற வரைக்கும் துணியால் துடைக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அம்மாளை இன்னும் கொஞ்சம் மனுஷியாக நினைத்திருப்பேனோ என்னவோ. அந்தப் பலகையில் ஒரு கீறல் விழக்கூடாது கமலா. ஐயங்கார் பலகையை விட இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். பாதிப் பலகை புதுத் தரைக்குள் மறையும், அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடு. எவ்வளவு மறையும் என்று கையை வைத்துக் காட்டு. கட்டில் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேள். ஜன்னல் பக்கமா, துடைக்கிற சுவர்ப் பக்கமா என்று அவரே சொல்லட்டும். அவர் அறை அது.

இன்னொன்று. ‘உங்களுக்காகத் தரை போடுகிறோம்’ என்று சொன்னால் அந்த அம்மாள் ஒப்புக்கொள்ள மாட்டார். எனக்கு ரோஷக்காரர்களைத் தெரியும், ஒருத்தியைப் பெற்று வளர்த்திருக்கிறேன். “என் காலுக்குத்தான் அத்தே, உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவர இறங்கி ஏற முடியல” என்று சொல். இதை எழுத எனக்கு எவ்வளவு கசக்கிறது தெரியுமா? யார் உன் காலைச் சாக்குச் சொல்லி உன்னை வேண்டாம் என்றாரோ, அவருக்காக அதே காலைச் சாக்குச் சொல்லச் சொல்கிறேன். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அதுதான் பலிக்கும். பொய்யும் இல்லையே, உனக்கும்தான் சௌகரியம்.

மாமாவுக்குச் சொல்லியாகிவிட்டது. அடுத்த வாரம் லால்குடியிலிருந்து பலகை நேரே உன் வீட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அப்பாவும் நானும் வருகிறோம். ஆமாம், நானும்தான். உன் அப்பாவையும் மாப்பிள்ளையையும் நம்பி ரம்பத்தைக் கொடுத்தால் அந்தப் பலகை என்ன கதி ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது. சபதம் போட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. இப்போது விட்டுவிட்டேன். ஒரு மனுஷி கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு தாகத்தோடு கிடக்கிறாள் என்று தெரிந்த பிறகு, வாசலில் நின்று வீம்பு பிடிக்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். அவரிடம் நான் என்ன பேசுவேன் என்று கவலைப்படாதே. வேலை செய்கிறவளுக்குப் பேச நேரம் இருக்காது. அவராக ஏதாவது சொன்னால் காதில் வாங்கிக்கொள்வேன். கேசரி மட்டும் பண்ணிக்கொண்டு வரமாட்டேன், அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை.

தரை போட்டு முடித்தபின் ஒரு வேலை இருக்கிறது. அதை நான் செய்ய முடியாது, உன் புருஷனும் செய்ய முடியாது, நீதான் செய்யவேண்டும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். புதுத் தரையில் நீ முதல்முதலாகத் தனியாக நடந்தாயே, அறையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து சமையலறைக்கும். உனக்கு நினைவிருப்பது, நானும் அப்பாவும் சமையலறை வாசலில் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்படித்தான் நீ எல்லாரிடமும் சொல்வாய், “அம்மா சும்மா நின்னாங்க, நானே நடந்தேன்” என்று. நான் சும்மா நிற்கவில்லை. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புடவைத் தலைப்பை இறுக்கிச் சுற்றி, நானே என்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு நின்றேன். நடுக்கூடத்தில் நீ ஒரு பக்கமாகச் சாய்ந்தாய். ஒரே எட்டில் வந்து தாங்கியிருப்பேன். வரவில்லை. நீ விழுந்தாய். இரும்பு தடால் என்றது. உன் அப்பா “ஐயோ” என்று முகத்தை மூடிக்கொண்டார். நீ அழவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. கையை ஊன்றி, இரும்பை மடக்கி, எழுந்து, வந்து, குடத்தில் நீயே டம்ளரை விட்டு மொண்டு குடித்தாய். நான் அதற்கப்புறம்தான் பின்னாலிருந்து கையை எடுத்தேன். விரலெல்லாம் வெளுத்திருந்தது.

உன் மாமியார் அந்தப் படியைத் தாண்டி முதல் தடவை வரும்போது மகனை வெளியே அனுப்பிவிடு. நீ மட்டும் கூடத்தில் நில். ஆடுவார், சாய்வார், உன்னைப் பார்ப்பார். கையை நீட்டாதே. அன்றைக்கு வாசலில் அந்த அம்மாள் நீட்டாத கைக்கும், நீ நீட்டப்போகாத கைக்கும் இருக்கிற வித்தியாசம் உங்கள் இரண்டு பேருக்குமே அங்கேதான் தெரியும்.

உன்
அம்மா